தவக்காலத்தில் வந்த பதில்

மெட்டுகுடா, செகந்திராபாத்
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

மரியே வாழ்க. நானும் ஆண்டனியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் கல்தரையில் முட்டி போடாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதாமல் ஒரு செய்தியைப் பிடித்து வைத்திருந்தேன். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. ஜூலை இரண்டாவது வாரம் நீ பெரியம்மா ஆகிறாய்.

போனில் சொல்லியிருக்கலாமே என்றார் ஆண்டனி. உங்கள் அடைபட்ட மடத்தில் போன் சாவுக்கும் ஆபத்துக்கும் மட்டும்தான் என்பது கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அவர் மனதில் ஏறவில்லை. "உங்க அக்காவுக்கு வாட்ஸ்அப்கூட நக்கோவா?" என்று கேட்கிறார். மெட்டுகுடாவிலேயே பிறந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பேசுகிற தமிழில் பாதி இந்த ஊருடையது, நக்கோ என்றால் வேண்டாம்.

எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. ரத்தம் மட்டும் கம்மி. பதினொன்றாவது இருக்க வேண்டுமாம், எட்டரைதான் இருக்கிறது. தினம் இரண்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இங்கே பாதிப் பேருக்கு இப்படித்தான் என்கிறார்கள், அதனால் நீ கவலைப்படாதே. பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு. நான் இங்கிலீஷில் கேட்டால் பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள், விடை சரியாக இருந்தால் நானும் விட்டுவிடுகிறேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை,
ரோஸ்லின்


மடம், கொடைரோடு
19 ஜனவரி 2025

பிரியமுள்ள ரோஸ்லினுக்கு,

ஆண்டவர் உன்னையும் ஆண்டனியையும், இன்னும் முகம் தெரியாத அந்தச் சின்ன உயிரையும் காப்பாராக. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது.

மதர் உன் கடிதத்தை என்னிடம் கொடுத்தபோது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கெட்ட செய்தியோ என்று பயந்து எல்லாரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் எண்பது வயது சகோதரி ஒருவர் கரண்டியால் சட்டியைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

மாத்திரையைச் சாப்பிடுகிறாயா? வேலைக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிடாதே. வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. நாளை எழுதலாம் என்று தள்ளிப்போடாதே.

பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி கிடைத்தால் சாப்பிடு. அங்கே சுவரொட்டிக்கு என்ன பெயரோ. மாத்திரையைப் பற்றி எழுத மறக்காதே.

ஜெபத்தில் உன்னோடு,
செலின்


மெட்டுகுடா
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

மரியே வாழ்க. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பரீட்சை, விடைத்தாள் என்று ஓடிவிட்டது, மன்னித்துக்கொள்.

ஒரே கடிதத்தில் மாத்திரையைப் பற்றி மூன்று தடவை கேட்டிருக்கிறாய். சிரித்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் படுத்துகிறது, அவ்வளவுதான். வாய் முழுக்கக் கம்பி கேட்டை நக்கிய மாதிரி ஒரு ருசி. காலையில் போட்டால் பத்து மணிக்கு வகுப்பை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மாவின் காய்கறிப் பையில்... வேண்டாம், அதை எழுதவில்லை. இதோடு மலச்சிக்கல் வேறு, நாலு நாள் ஐந்து நாள் என்று. போனால் கறுப்பாகப் போகிறது. முதல்நாள் பார்த்து அலறிவிட்டேன். அப்புறம் அது மாத்திரையின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டுத் தாயம்மாள் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அறுபது வருடமாக இந்தக் காலனியில் இருப்பவர். அவர் தினமும் வந்து, "அந்த மாத்திரை கைக்குமா ஒனக்கு? நக்கோ. புள்ள கறுப்பா பொறக்கும், பெருசா வளந்துடும், அப்புறம் கத்திதான்" என்கிறார். கைக்கு என்றால் இந்த ஊரில் ஏன் என்று அர்த்தம். படித்தவள் நான், இதையெல்லாம் நம்புவேனா? ஆனால் குமட்டிக்கொண்டு வரும்போது அவர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மற்றபடி எல்லாம் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோஸ்லின்


மடம், கொடைரோடு
20 பிப்ரவரி 2025

பிரியமுள்ள ரோஸ்லினுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். இங்கே எல்லாரும் சுகம்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அன்று தொடங்கும் தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் பாஸ்கா வரை, எங்களுக்குக் கடிதம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எழுதுவதும் இல்லை, வருவதைப் படிப்பதும் இல்லை.

அதற்குள் இரண்டு வரி போதும். உன் கடிதத்தில் "கொண்டுதான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் வீட்டுப்பாடம் செய்யாத நாளில்தான் உன்னிடமிருந்து இந்தப் பதில் வரும்.

செலின்


மெட்டுகுடா
27 பிப்ரவரி 2025

அக்கா,

மரியே வாழ்க. கெட்டிக்காரி நீ.

மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. காலையில் ஆண்டனி கண் முன்னால் வாயில் போட்டுக்கொள்வேன். அவர் லுங்கியை மாற்ற உள்ளே போனதும் துப்பிக் கழுவிவிடுவேன். அட்டை காலியாகிறது, அவரும் புது அட்டை வாங்கி வருகிறார்.

என்னால் முடியவில்லை, அக்கா. வாந்தியில் சோறும் போய்விடுகிறது. சோற்றைக் காப்பாற்றலாமா மாத்திரையைக் காப்பாற்றலாமா என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். இப்போது வாந்தி இல்லை, வயிறு இலகுவாக இருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கரும்பலகையில் எழுதும்போது கண் இருட்டுகிறது. நேற்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவார்கள். "எல்லாரும் சாப்பிடுறாங்க, உங்களுக்கு மட்டும் என்னம்மா" என்று போன தடவை மாத்திரை எடுத்துக்கொடுக்கிற பெண்ணே சலித்துக்கொண்டாள். ஆண்டனியிடம் சொன்னால் பயந்துவிடுவார். நீயும் அவருக்கு எழுதிவிடாதே. இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

இது உன் கைக்கு வருவதற்கும் உங்கள் நோன்பு தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். பாஸ்கா வரை உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்துதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ரோஸ்லின்


மடம், கொடைரோடு
7 மார்ச் 2025

ரோஸ்லின்,

உன் கடிதம் சாம்பல் புதனுக்கு முந்தின மாலை வந்தது. இரண்டு நாள் அதை ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு மதரிடம் போய் ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டேன். இந்த மடத்தில் பதினெட்டு வருடமாக நான் கேட்டதில்லை. "ஆபத்தா?" என்று கேட்டார். "ஆமாம், போனில் சொல்ல முடியாதது" என்றேன். "உட்கார்ந்து எழுது" என்று தன் மேசையையே கொடுத்தார்.

அம்மா நீ பிறந்த மூன்றாம் நாள் பிரசவக் காய்ச்சலில் இறந்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய். காய்ச்சல் இல்லை. நீ பிறந்ததும் ரத்தம் போக ஆரம்பித்தது, நிற்க நேரமாகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் அப்பாவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். "இவ்வளவு வெளுத்துப்போன உடம்பு இதை எப்படிய்யா தாங்கும்? மாத்திரை எதுவும் குடுக்கலயா?" என்றார். "குடுத்தாங்க சார், சாப்பிட்டாளே" என்றார் அப்பா.

அவள் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. நர்ஸம்மா பேப்பர் பொட்டலத்தில் சிவப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு நாள் சாப்பிட்டாள், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அதன்பிறகு பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் கையில் கொடுப்பாள். "வாய்க்கால்ல போட்டுடு கண்ணு. அப்பாகிட்ட சொல்லாத, நர்ஸம்மாகிட்டயும் சொல்லாத" என்பாள். தினமும் போட்டேன். மழை நாளில் உள்ளங்கையில் சிவப்புச் சாயம் ஒட்டிக்கொள்ளும், பாவாடையில் துடைத்துக்கொள்வேன்.

அம்மா என்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, ரோஸ்லின்.

மாத்திரை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. உன்னிடம் சொன்னால் உன்னால்தான் அம்மா போனாள் என்று நீ எடுத்துக்கொள்வாயோ என்று அப்பா பயந்தார். நான் பயந்தது எனக்காக. அவர் சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

விழுங்கு, பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கு என்று உனக்கு எழுதமாட்டேன். முடியவில்லை என்று நீ சொல்வதை நம்புகிறேன். அம்மாவாலும் முடியவில்லைதான். முடியவில்லை என்பதை வாய் திறந்து சொல்லக்கூடிய இடத்தில் அவள் சொல்லவில்லை, என் கையில் கொடுத்துவிட்டாள். நீ அதையே எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். இந்தத் தடவை வைத்துக்கொள்ளமாட்டேன். நாளைக்கே டாக்டரிடம் போ. ஆண்டனியைக் கூட்டிக்கொண்டு போ. வேறு வழி கேள். இந்தக் காலத்தில் இருக்கும்.

பாஸ்கா வரை இனி எழுத முடியாது. நீ எழுதினாலும் எனக்குக் கிடைக்காது. ஆனாலும் எழுது.

செலின்


மெட்டுகுடா
24 மார்ச் 2025

அக்கா,

நீ இதைப் பாஸ்காவன்றுதான் படிப்பாய். உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகும், இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இருபத்தொன்பது வருடம்! நீ மடத்துக்குப் போகும்வரை ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாயே. ஒரு நாள் முழுக்க உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். மறுநாள் ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பதினொரு வயதுப் பிள்ளைகள். நித்யஸ்ரீ என்று ஒருத்தி, ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் என்னிடம் காலை நீட்டினாள். குனிந்து கட்டிவிட்டேன். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சின்னவளாகவா இருந்தாய் நீ? கோபம் அங்கேயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை ஆண்டனியிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க நேரமாகும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். முடித்துவிட்டு, "என்கிட்ட கைக்கு மறைச்ச?" என்றார், அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார்.

டாக்டர் நஸ்ரின் வாணியம்பாடிக்காரர். ரம்ஜான் நோன்பு, உதடு காய்ந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், துப்பியதைக்கூட. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஏம்மா, ஒத்துக்கலன்னா மாத்திரைய மாத்தலாம், அளவைக் கொறைக்கலாம், ஊசியா ஏத்தலாம். எனக்கு எத்தனை வழி இருக்கு! நீ சொன்னாத்தானே எதுன்னு பாக்க முடியும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்திரை குடுத்தமே, ஒத்துக்குதான்னு நாங்களும் கேட்டிருக்கணும்" என்றார்.

ரத்தம் ஏழு புள்ளி எட்டு. அந்தத் தாளைப் பார்த்ததும் ஆண்டனி என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

வேறு வகை மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்றே ஒன்று, ராத்திரி கொஞ்சம் சாப்பிட்ட பிறகு எலுமிச்சைச் சாற்றோடு. டீயும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதன் பக்கத்திலேயே வரக்கூடாதாம். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவள் நான்! மூன்று வாரம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்களாம்.

அம்மா என்னால்தான் போனாள் என்று நான் நினைக்கவில்லை. உன்னாலும் இல்லை. இதை நீ படிக்க இன்னும் நாலு வாரம் ஆகுமே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ரோஸ்லின்


மெட்டுகுடா
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

மரியே வாழ்க. வெயில் கொளுத்துகிறது. நான் சுகம், வயிற்றுக்குள் இருப்பவர் அதைவிடச் சுகம். உதை பலமாக இருக்கிறது.

புது மாத்திரை வயிற்றைப் படுத்தவில்லை. வாயில் அந்தக் கம்பி ருசிகூட அவ்வளவு இல்லை. ஆனால் ரத்தம் எட்டு புள்ளி ஒன்றுக்குத்தான் ஏறியது. பிரசவத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, இந்த வேகம் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று ஏற்றினார்கள்.

பயந்துகொண்டுதான் போனேன். ஆண்டனிக்கு லீவு கிடைக்கவில்லை. யார் கூட வந்தது தெரியுமா? தாயம்மாள் அக்கா! டிகாஷன் நிறத்தில் ஒரு பாட்டில். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதன்பின் அரை மணி நேரம், உடம்பு ஏதாவது செய்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். தாயம்மாள் அக்கா நர்ஸிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "புள்ள கறுப்பாயிடுமா?" நர்ஸ் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "கறுப்பா இருந்தா என்னா, ஒங்க அண்ணனும் கறுப்புதான். நீ எந்திரிச்சு நடக்கணும், ஹவ்?" என்றார். அவர் கணவரைத்தான் அண்ணன் என்கிறார், ஹவ் என்றால் சரியா என்று அர்த்தம்.

இன்று உடம்பு லேசாக வலிக்கிறது. அது இரண்டு நாளில் போய்விடுமாம். அடுத்த வாரம் இன்னொரு தடவை ஏற்ற வேண்டும்.

உனக்குச் சேராத கடிதம் எழுதுவது வினோதமாக இருக்கிறது. ஆனால் எழுதினால் தூக்கம் வருகிறது.

ரோஸ்லின்


மடம், கொடைரோடு
21 ஏப்ரல் 2025

என் ரோஸ்லின்,

கிறிஸ்து உயிர்த்தார், அல்லேலூயா!

நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் மதர் இரண்டு கடிதங்களை என் கையில் வைத்தார். ஆறு வாரமாக அவை மதரின் அலமாரியில் இருக்கின்றனவா, இல்லை நீ எழுதவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அலமாரியைத் துடைக்கும் முறை என்னுடையது, ரோஸ்லின். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் பூட்டிய கதவைத் துடைத்தேன்.

முதல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அந்தப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்ட இடத்தை மட்டும் தனியாகப் படித்தேன். நீ எதிரில் இருந்தால் உன் மடியில் தலையை வைத்துக்கொள்வேன்.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் தூங்கிப்போனேன். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப வந்த சகோதரியை மதர் தடுத்துவிட்டாராம்.

தாயம்மாளுக்கு என் வணக்கம்.

செலின்


மெட்டுகுடா
17 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

மரியே வாழ்க. மழை பிடித்துக்கொண்டது. முட்டி வலி கூடியிருக்குமே உனக்கு?

நேற்றுப் பரிசோதனை. பத்து புள்ளி ஒன்பது. தாளைப் படம் பிடித்து ஆண்டனி ஒர்க்‌ஷாப் முழுக்க அனுப்பிவிட்டார், பாஸான பிள்ளையின் மார்க் ஷீட் மாதிரி. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன், வயிற்றைத் தூக்கிக்கொண்டு! தாயம்மாள் அக்கா இப்போது என் டீக்குக் காவல். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகாமல் டம்ளரைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்.

ஆனாலும் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார். என் வகை ரத்தத்தைத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், தனியாக இருந்தால் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். முன்பு போல மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன், பார்த்தாயா?

ரோஸ்லின்


செகந்திராபாத்
10 ஜூலை 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஆண்டனி எழுதுவது. என் தமிழ் எழுத்து மோசம், பொறுத்துக்கொள்ளவும். ரோஸ்லின் தூங்குகிறாள். எழுந்ததும் அவளே எழுதுகிறேன் என்றாள். நீங்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது என்று நான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. சுகப்பிரசவம். இருவரும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

குழந்தை வந்த பிறகு ரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவோரம் நின்றேன். அக்கா, நீங்கள் நின்ற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து நஸ்ரின் டாக்டர் வந்தார். "மருந்து குடுத்தோம், நின்னுடுச்சு. உடம்புல தாங்குற சக்தி இருந்துச்சு, பயப்படாதீங்க" என்றார். அந்த ஏழு புள்ளி எட்டோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலை ரத்தம் ஒன்பது புள்ளி ஏழு. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றே சொல்லுவேன் என்று டாக்டரிடம் அவளே சொன்னாள்.

இங்கே போனாலு அம்மன் திருவிழா நெருங்கிவிட்டது. வெளியே டப்பு மேளம் அடிக்கிறார்கள், உள்ளே குழந்தை அலட்டிக்கொள்ளாமல் தூங்குகிறது. நல்ல கறுப்பு, என்னை மாதிரி. தாயம்மாள் அக்கா கோபப்படவில்லை.

தங்கள் தம்பி,
ஆண்டனி


மடம், கொடைரோடு
18 ஜூலை 2025

பிரியமுள்ள ஆண்டனி, ரோஸ்லின் இருவருக்கும்,

ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை. அதனால் நடுவில் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆண்டனி, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படித்துக்காட்டச் சொன்னார்கள். கதவோரம் வரைக்கும் படித்தேன். மீதியைப் பக்கத்துச் சகோதரி படித்தார்.

ரோஸ்லின், மழை விட்டதும் மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். பார்வையாளர் அறையில் உங்களுக்கும் எனக்கும் நடுவே கம்பி இருக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் கைக்குழந்தைகளுக்கு அந்த விதி இல்லை என்று மதர் சொல்கிறார். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து குழந்தையை உள்ளே என் கையில் தருவார்களாம். சாவி கிடைக்கவில்லை, பதினான்கு வருடமாக யாரும் திறக்கவில்லை. பூட்டை உடைக்க நேற்று ஆள் வந்துபோனார்.

ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அழுது வீணாக்கமாட்டேன். நீ குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். உன் கன்னத்தில் நிறம் வந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

செலின்